நான்காவது மூலையில் முறிந்த ஊசி

என் நாத்தனார் தன் மூன்று மாதக் குழந்தையோடு புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய திங்கட்கிழமை காலையில், அந்தக் குழந்தைக்காக நான் தைத்த மெத்தையின் கடைசி மூலையில் ஊசி முறிந்தது. காதுப் பக்கம் பாதி, நூலோடு என் கையில் இருந்தது. முனைப் பக்கம் பாதியைக் காணவில்லை. அது எங்கே போனது என்று தெரிவதற்குள் நான்கு நாள் ஆயிற்று. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்த நாட்கள் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

எல்லார் கையிலும் செல்போன் வந்திராத காலம் அது. இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ இருக்கும். செவிலிமேட்டில் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்றில் நானும் என் கணவரும் மாமியாரும் இருந்தோம். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. நாத்தனாருக்குக் கல்யாணமான அடுத்த வருஷமே பெண் பிறந்தது. தலைப்பிரசவம் என்பதால் எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

அந்த மூன்று மாதமும் குழந்தை பெரும்பாலும் என்னிடம்தான் இருந்தது. நாத்தனார் தூங்கட்டும் என்று நான் வாங்கிக்கொள்வேன். தையல் மிஷின் ஓடுகிற சத்தத்தில் அது நன்றாகத் தூங்கும். மடியில் போட்டுக்கொண்டே ஒரு முழு பிளவுஸ் தைத்திருக்கிறேன்.

ஒருநாள் குழந்தை பார்க்க வந்த எதிர்வீட்டு அம்மாள், சமையலறையில் மாமியாரிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

"எந்நேரமும் மருமக கையிலயே குட்த்துக்கினு இருக்கீங்களே. அதுக்கும் மனசுல ஒரு ஏக்கம் இருக்குமில்ல? பச்சக் கொழந்தைக்கு ஆவாதும்மா."

மாமியார் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனம்தான் பிறகு என்னை வாய் திறக்கவிடாமல் செய்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நான் கேட்காத மாதிரி மிஷினை வேகமாக மிதித்தேன்.

குழந்தை ஊருக்குப் போகும்போது என் கையால் ஏதாவது கொடுக்க வேண்டும் என்றுதான் மெத்தை தைக்க ஆரம்பித்தேன். பட்டுப் பிளவுஸ் வெட்டியதில் விழும் துண்டுகளை ஒரு தலையணை உறையில் போட்டு வைத்திருந்தேன். சரிகை உள்ள துண்டு பச்சைக் குழந்தையின் தோலில் உரசும். அதனால் சரிகை இல்லாததாகப் பார்த்துப் பொறுக்கினேன். கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அரக்கு. எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தேன். உள்ளே வைக்க மாமியாரின் பழைய வாயில் புடவைகள் இரண்டு. அடியில், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட என் கணவருடைய வேட்டி. மூன்றையும் சேர்த்து, கையால் நூலோட்டிக் கோடு கோடாகத் தைத்ததும் அது கனமான சின்ன மெத்தை ஆயிற்று. ஒரு முழக் குழந்தைக்குத் தாராளமாகப் போதும்.

ஓரம் கட்டுவதுதான் பாக்கி. நான்கு விரல் அகலத்தில் அரக்கு நிறப் பருத்தித் துணியை நீளப் பட்டியாக வெட்டி, இரண்டாக மடித்து, மெத்தையின் மேல்பக்க விளிம்பில் வைத்து மிஷினில் ஒரு ஓட்டு ஓட்ட வேண்டும். பிறகு பட்டியை விளிம்புக்கு மேலாகப் புரட்டி, அடிப்பக்கம் கொண்டுவந்து, குண்டூசி குத்தி நிறுத்தி, கையால் பொடித் தையலாக எம்மிங் செய்ய வேண்டும். நேரான இடத்தில் சுலபம். மூலையில் பட்டியைக் காகித உறை மடிப்பதுபோல் குறுக்கே மடித்து உள்ளே தள்ளினால்தான் கூராக உட்காரும். அந்த இடத்தில் மட்டும் ஏழெட்டு மடிப்புத் துணி சேர்ந்து கல்போல் இருக்கும்.

குழந்தை படுக்கிற துணி என்பதால் குண்டூசி விஷயத்தில் கவனமாக இருந்தேன். ஒரு தீப்பெட்டியில் முப்பது குண்டூசி எடுத்துவைத்து, ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் துணியில் எத்தனை, பெட்டியில் எத்தனை என்று கூட்டிப் பார்ப்பேன். முப்பது வராமல் எழுந்ததில்லை. கை ஊசியை எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது ஒன்றுதானே.

திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம். அதற்கு முன்னால் வண்டி கிளம்ப வேண்டும். என் கணவர் அன்று லீவு போட்டிருந்தார். ஆறேமுக்காலுக்கே மாப்பிள்ளை வாடகை வேனோடு வந்துவிட்டார். நான் கூடத்துத் தரையில் ஒரு காலை மடித்து இடது காலைக் குத்துக்காலிட்டு, அந்த முட்டி மேல் மெத்தையை வைத்து உட்கார்ந்து, கடைசி மூலையை எம்மிங் செய்துகொண்டிருந்தேன்.

"ஏம்மா, முடிஞ்சுதா இல்லியா? ஏழரைக்குள்ள வண்டி தெருவத் தாண்டணும்," என்று மாமியார் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"இதோ அத்தை, நாலே தையல்."

ஊசி மூலையில் பாதி இறங்கி நின்றுவிட்டது. கத்தரிக்கோல் பிடியால் அதன் தலையைத் தள்ளினேன். டிக்கென்று ஒரு சத்தம். அதே நொடியில் இடது முட்டியில் சுரீர் என்றது.

கையில் பாதி ஊசி. புடவையைத் தூக்கி முட்டியைப் பார்த்தேன். கடுகளவு ரத்தம். மூலையைப் பிசைந்து பார்த்தேன், எதுவும் தட்டுப்படவில்லை. மெத்தையை உதறினேன். தரையைத் தடவினேன். அதற்குள் மாமியார் உள்ளே வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்து, "இன்னாச்சு?" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஊசி முறிந்துவிட்டது அத்தை, இந்த மெத்தை இன்றைக்கு வேண்டாம், தேடிப் பார்த்து நாளைக்குக் கொடுத்து அனுப்புகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் ஒரு பச்சைக் குழந்தை வீடு தாண்டுகிற நேரத்தில், அதற்கென்று தைத்த துணியில், என் கையில், ஊசி முறிந்தது. அதை எப்படி வாயால் சொல்வது? எதிர்வீட்டு அம்மாள் வழியனுப்ப வாசலிலேயே நின்றிருந்தாள். துணிக்குள் ஊசி என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் தையலை நினைக்க மாட்டார்கள், செய்வினையைத்தான் நினைப்பார்கள்.

"ஒண்ணுமில்ல அத்தை, விரல்ல குத்திக்கிட்டேன்," என்றேன். வேறு ஊசி கோத்து நான்கு தையலையும் போட்டு முடிச்சிட்டுக் கொடுத்தேன். குண்டூசிகளை எண்ணினேன். முப்பது இருந்தது. நாத்தனார் மெத்தையைப் பிரித்துப் பார்த்து, "அண்ணி, கண்ணப் பறிக்குது! இதுல படுக்கவெக்கவே மனசு வராது போலிருக்குதே," என்றாள். குழந்தையை என்னிடமிருந்து வாங்கி அதில் சுற்றிக்கொண்டாள். வேன் போய்விட்டது. மாமியாரும் கணவரும் கூடவே போனார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன்.

கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தை அங்குலம் அங்குலமாகப் பெருக்கினேன். குப்பையை முறத்தில் போட்டுப் பிரித்தேன். கிடைக்கவில்லை. பரணில் ஓடாத ரேடியோ ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கத்தைக் கழற்றி, ஸ்பீக்கரில் இருந்த காந்தத்தைச் சுத்தியால் தட்டிப் பெயர்த்தேன். அதைத் தரையெல்லாம் ஓட்டினேன். எப்போதோ விழுந்த இரண்டு கொக்கி, துருப்பிடித்த ஒரு ஆணி, கொஞ்சம் இரும்புத்தூள், அவ்வளவுதான் ஒட்டியது.

அப்படியென்றால் அது என் முட்டிக்குள் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன்.

அந்த முடிவே எனக்குக் குலை நடுக்கத்தைக் கொடுத்தது. உடம்புக்குள் போன ஊசி ரத்தத்தோடு ஓடி நெஞ்சுக்குப் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பிள்ளைகள் பேசிக் கேட்டிருக்கிறேன். முட்டியிலிருந்து நெஞ்சுக்கு எவ்வளவு தூரம்? எத்தனை நாள் ஆகும்? காந்தத்தை முட்டியில் அழுத்திவைத்துக்கொண்டு ஏதாவது இழுக்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதுவும் இழுக்கவில்லை. ஆனால் வலித்தது. தொட்டால் வலித்தது, தொடாவிட்டாலும் வலித்தது.

சாயங்காலம் மாமியார் திரும்பி வந்தார். வந்ததும் வராததுமாக மெத்தையைப் பற்றித்தான் பேசினார்.

"வேன்ல ஏறினதும் தூங்கினதுதான், அங்க போய்ச் சேர்ற வரைக்கும் அசையல. அவங்க ஊட்ல எல்லாரும் யார் தெச்சதுன்னு கேட்டாங்க. எம் மருமக தெச்சதுன்னேன்."

அவர் என்னைப் பெருமையாகச் சொன்னது அதுதான் முதல்தடவை. தப்பித்தவறி அது அந்த மெத்தையில் இருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அதைத் தள்ளினேன். இல்லை, முட்டியில்தான் குத்தியது, ரத்தம் வந்தது, முட்டியில்தான் இருக்கிறது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நொண்டி நொண்டித்தான் நடந்தேன். "முட்டியில என்ன?" என்று கணவர் கேட்டார். "மிஷின் காலில இடிச்சிக்கிட்டேன்," என்றேன். அவர் தைலம் எடுத்துக் கொடுத்தார். தைலம் தேய்த்தால் ஊசி இன்னும் உள்ளே இறங்கிவிடுமோ என்று பயந்து, தேய்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டுத் துடைத்துவிட்டேன். நாத்தனார் வீட்டில் போன் கிடையாது. நாலு வீடு தள்ளி ஒரு கடைக்குப் போன் செய்தால் கூப்பிட்டு விடுவார்கள். கடைக்காரர் காதுபட இதை எப்படிப் பேசுவது?

வியாழக்கிழமை காலையில் லைனிங் துணி வாங்கப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினேன். கைப்பையில் அந்தக் காந்தம் இருந்தது. டாக்டர் கேட்டால் காட்டலாம் என்று எடுத்துவைத்திருந்தேன். என்னத்தைக் காட்டுவது என்று யோசிக்கவில்லை.

ஐம்பது வயதிருக்கும் ஒரு லேடி டாக்டர். முட்டியை அமுக்கிப் பார்த்தார்.

"ஊசி ரத்தத்தில ஓடுதுன்னு யாரும்மா சொன்னது உனக்கு?"

"எல்லாரும் சொல்லுவாங்க மேடம்."

"எல்லாரும் சொல்லட்டும். எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாம். இருந்தா எடுத்துடலாம், இல்லாட்டி நிம்மதியாப் போ."

கீழ்த்தளத்திலேயே எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எலும்பு வெள்ளையாக, சுற்றிலும் புகை மாதிரி. அங்குலம் அங்குலமாக நானும் பார்த்தேன். ஊசி இருந்தால் பளிச்சென்று கோடு தெரியும் என்றார். கோடு இல்லை.

"ஒண்ணுமே இல்லம்மா. மேலாக் குத்தியிருக்கு, அவ்வளவுதான். சந்தோஷமா வீட்டுக்குப் போ."

நான் எழுந்திருக்கவில்லை. "நல்லாப் பாருங்க மேடம், இருக்கும்," என்றேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இருக்கணும்னு வேண்டிக்கிற ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்றார்.

உண்மையில் நான் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். முட்டியில் இல்லை, தரையில் இல்லை என்றால் அது வேறு எங்கேயும் இருக்க முடியாது. மூன்று நாளாக ஒரு குழந்தை அதன் மேல் புரண்டுகொண்டிருக்கிறது. எனக்கு இது திங்கட்கிழமையே தெரியும். தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது முட்டி வலிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டமும் நடையுமாகப் போனேன். வாலாஜாபாத் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. நாத்தனார் வாழ்க்கைப்பட்ட ஐயம்பேட்டை அந்த வழியில்தான், அதிக தூரமில்லை. ஆனாலும் அன்றைக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த பஸ் நின்ற நேரம் எனக்கு மட்டும்தான் தெரியும். குழந்தை கையை வாயில் வைக்கிற வயசு. துணியின் ஓரத்தைப் பிடித்துச் சப்புகிற வயசு. அரக்கு நிறத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன், குழந்தையின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று.

நாத்தனார் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டில் தறி ஓடும் சத்தம் கேட்டது. என் நிழலைப் பார்த்துத் தறி நின்றது. ஒரு பெண் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"கொழந்தையப் பாக்க வந்தீங்களா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிருக்குது. ஊசி குத்தின எடம் வீங்கிக்கிச்சு. ராத்திரி பூரா ஒரே அழுவ."

நான் அந்த வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் மேலே ஏதோ சொன்னாள், காதில் ஏறவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பை வாங்கிக் கீழே வைத்தேன்.

"எங்க குத்திச்சு?" என்று கேட்டேன்.

"தொடையில."

தொடையில். மூலையில் இருந்தது தொடையில் ஏறிவிட்டது. உள்ளேயே முறிந்து நின்றிருக்குமா? வெட்டி எடுப்பார்களா? போலீஸ் வருமா? நாத்தனார் முகத்தில் எப்படி விழிப்பேன்? எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடின. எழுந்து அப்படியே பஸ் ஏறிப் போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? தோன்றியது உண்மை.

கால்மணி நேரமோ அரைமணி நேரமோ, நாத்தனார் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருமுனையில் வந்தாள். தலையில் முந்தானை. நடையில் பதற்றமில்லை.

"அண்ணி! என்ன இது, தனியா வந்திருக்கீங்க? ஏன் மொகம் இப்டி இருக்குது?"

"குழந்தைக்கு என்ன ஆச்சு? ஊசியை எடுத்துட்டாங்களா?"

"எடுக்கறதா? நேத்து புதன்கிழமை இல்ல, தடுப்பூசி போட்டாங்க. போட்ட எடம் கல்லு மாரி வீங்கிக்கிச்சு, ஜுரம் வேற. மருந்து குட்த்திருக்காங்க. இப்ப பரவால்ல."

தடுப்பூசி. புதன்கிழமை ஊசி போடும் நாள் என்று எனக்குத் தெரியாதா? முதல் இரண்டு தவணைக்கும் நானே தூக்கிக்கொண்டு போனவள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் கதவைத் திறந்து என்னை உள்ளே அழைத்துப் போனாள். ஜுரத்துக்குப் பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"எல்லாக் கொழந்தைக்கும் வர்றதுதான் அண்ணி. அழாதீங்க. எங்க அத்தை தென்னேரிக்கு அவங்க பொண்ணு ஊட்டுக்குப் போயிருக்காங்க, அஞ்சு மணிக்கு வந்துடுவாங்க. இருங்க, இவளத் தூளில வுட்டுட்டு காபி போடறேன்."

உத்தரத்திலிருந்து புடவைத் தூளி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள், நான்காக மடித்து வைத்த மெத்தையின் அரக்கு நிற ஓரம் தெரிந்தது.

"போடாதே!" என்று கத்திவிட்டேன்.

குழந்தை திடுக்கிட்டு வீரிட்டது. நாத்தனார் அதை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தூளிக்குள் கைவிட்டு மெத்தையை இழுத்தேன். தரையில் விரித்தேன். கைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன். எடுத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். ஊசி முறிந்தது, பாதி கிடைக்காதது, முட்டி, எக்ஸ்ரே, எல்லாம். முன்னும் பின்னுமாகச் சொன்னேன்.

ஓரத்தின் மேல் காந்தத்தை மெல்ல நகர்த்தினேன். முதல் மூலை, ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஒன்றுமில்லை. நான்காவது மூலைக்கு வந்தபோது துணிக்குள்ளிருந்து யாரோ விரல்நுனியால் தொட்டதுபோல் ஒரு சின்ன இழுப்பு. எடுத்தேன், மறுபடி வைத்தேன். மறுபடி இழுத்தது.

அவளே போய்ப் பழைய பிளேடு ஒன்றை எடுத்துவந்தாள். தையலை அறுத்துப் பட்டியைப் பிரித்தேன். குறுக்கே மடித்து உள்ளே தள்ளியிருந்த மடிப்பின் அடியில், வாயில் புடவைத் துணியில் சொருகிக்கொண்டு, நெல் நீளத்துக்கு இருந்தது அது. முனை மேல்பக்கமாக, குழந்தை படுக்கிற பக்கமாகத் திரும்பியிருந்தது. பட்டுத் துணியைத் துளைக்க ஒரு மயிரிழைதான் பாக்கி.

உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். நாத்தனார் குழந்தையின் முதுகு, கை, கால், கழுத்து எல்லாவற்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சட்டையைக் கழற்றியும் பார்த்தாள். தடுப்பூசி வீக்கம் தவிர ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகுதான் என்னிடம் பேசினாள்.

"திங்கக்கெழமையே தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்கெல்லாம் தப்பா நெனச்சிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு. புள்ள இல்லாதவ வேணும்னு செஞ்சுட்டான்னு..."

"நான் இன்னா நெனப்பேன்னு பயந்துக்கினு, எங் கொழந்தைய மூணு நாளு அது மேல படுக்க வுட்டீங்களா?"

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எதிர்வீட்டு அம்மாள் சொன்ன பேச்சுக்கு அழ எனக்கு உரிமை இருந்தது. இந்தக் கேள்விக்கு அழவும் உரிமை இல்லை என்று தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"தப்புதான்," என்றேன். "அத தூக்கிப் போட்டுடு. இல்லன்னா நான் எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

பக்கத்து வீட்டில் மறுபடியும் தறி ஓட ஆரம்பித்திருந்தது. குழந்தை அவள் தோளில் விக்கி விக்கி அடங்கியது.

"தூக்கிப் போட்டா எங்க அத்தை ஏன்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது?" என்றாள். "மொத்த ஓரத்தையும் பிரிங்க. உள்ள இருக்கற மடிப்பெல்லாம் விரிச்சி ஒதறுங்க. என் கண்ணு முன்னாலயே திரும்பப் போடுங்க."

மணி ஒன்று ஆகியிருந்தது. ஐந்துக்கு அவளுடைய மாமியார் வந்துவிடுவார். பிளேடால் நாலு பக்கமும் அறுத்தேன். வாயில் புடவை மடிப்புகளைக் கோட்டுத் தையல் விட்ட மட்டும் ஒவ்வொன்றாக விலக்கி, ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, காந்தத்தை ஓட்டினேன். அவள் குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் தானும் தடவிப் பார்த்தாள். நான் பார்த்த இடத்தையும் பார்த்தாள். அது எனக்கு வலித்தது. ஆனால் அவள் செய்தது சரி.

திரும்ப ஓரம் கட்ட குண்டூசி கேட்டேன். "வேணாம்," என்றாள் உடனே. "குண்டூசியே வேணாம்."

"புடிச்சி நிக்காதும்மா."

"நூலால கட்டுங்க."

பட்டியைப் புரட்டிப் பிடித்து, வெள்ளை நூலில் நீள நீளமான தையலாக முதலில் ஓட்டி நிறுத்தினேன். அதற்கு மேல் எம்மிங் போட்டுவிட்டு வெள்ளை நூலை உருவினேன். இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. மூலைக்கு வரும்போதெல்லாம் நின்றேன். மடிப்பை ஒன்று குறைத்து, துணியைக் கொஞ்சம் வெட்டி எடுத்து, ஊசி தானாக இறங்குகிற கனத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் தைத்தேன். ஒவ்வொரு தையலுக்கும் ஊசி முழுசாக வெளியே வருகிறதா என்று பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

நான்காவது மூலையில் என்னால் முடியவில்லை. ஊசியை இரண்டு முறை வைத்து எடுத்தேன்.

"குடுங்க இங்க," என்றாள் நாத்தனார். "நீங்க இவளப் புடிங்க."

குழந்தையை என் மடியில் வைத்தாள். ஜுரச் சூடு இன்னும் இருந்தது. அதன் தலையை என் முழங்கையில் ஏந்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குத் தையல் வராது. பட்டன் தைத்தாலே கோணலாகத்தான் இருக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரிய பெரிய தையலாக, அந்த மூலையைப் போட்டு முடித்தாள். முடிச்சிட்டு, நூலைப் பல்லால் கடித்து, ஊசியை என்னிடம் நீட்டினாள்.

"முழுசா இருக்குதா பாருங்க."

இருந்தது.

நாலேமுக்காலுக்கெல்லாம் அவளுடைய மாமியார் வந்துவிட்டார். தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பார்த்து, "இன்னா, அண்ணியும் நாத்தனாருமாத் தையக் கட தொறந்துட்டீங்களா?" என்றார்.

"ஓரம் பிரிஞ்சிக்கிச்சு அத்தை. அண்ணி வந்து போட்டுக் குட்த்தாங்க," என்றாள் நாத்தனார். என்னைப் பார்க்கவில்லை.

பஸ் ஏற்றிவிட அவள் வரவில்லை. வாசல்வரை வந்தாள். "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றாள். "எனக்குத் தெரிஞ்சு அவங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாது."

அன்று சாயங்காலமே சொன்னேன். லைனிங் துணி இல்லாமல் வெறும் கையோடு வந்து நின்றவளை மாமியார் ஏற இறங்கப் பார்த்தார். சமையலறையிலேயே, நின்றபடியே, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். எதிர்வீட்டு அம்மாள் சொன்னதை நான் கேட்டதையும் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார்.

"அன்னிக்கே அவள நாலு வார்த்த கேட்டிருக்கணும் நானு," என்றார். பிறகு, "அதுக்காவ நீ செஞ்சது சரின்னு ஆயிடாது," என்றார். அதையும் ஒப்புக்கொண்டேன்.

நாத்தனார் அடுத்து எங்கள் வீட்டுக்கு வந்தது மூன்று மாதம் கழித்து, குழந்தைக்கு அன்னம் ஊட்ட. கோயிலில் ஊட்டிவிட்டு நேராக வந்தார்கள். நடுவில் அவளிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. இரண்டு முறையும் அவள் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டாள். அதனால் அன்று அவள் பையைத் திறந்து அந்த மெத்தையை எடுத்துக் கூடத்தில் விரிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. குழந்தையை அதில் விட்டாள். அது குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, எல்லாரையும் பார்த்துச் சிரித்தது. இரண்டு பல் வந்திருந்தது.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கை தானாகப் போய் ஓரத்தைத் தடவியது. ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டே போனேன். நிமிர்ந்தபோது நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தெனமும் தடவிப் பாத்துட்டுத்தான் போடறேன் அண்ணி," என்றாள்.